நாழிகையும் நனோசெக்கனும்

காலம் என்பது யாது? இவ்வினாவிற்கு விடை காண முயன்ற தத்துவ ஞானியர் பலர். அம்முயற்சியிற் புகும் தகுதி இக்கட்டுரையாளனுக்கு இல்லை. வெளிவாரி மாணவனாக இருந்து கலைப்பட்டம் பெற்று, வகுப்பறையிற் கணிதம் கற்பிக்கும் ஆசிரியன் ஒருவன் எடுத்துக்கொள்ளத்தக்க வினா அதனினும் எளியது. ஒரு மணித்தியாலத்தில் எத்தனை நனோசெக்கன்கள் உள? பெருக்கல் அறிந்த எவரும் இதற்கு விடை கூறலாம். எனினும் அவ்விடையின் பொருளை உணர்தல் அத்துணை எளிதன்று என்பதை எனக்கு உணர்த்தியவன் என் மாணவன் ஒருவனே.

ஒரு நிமிடத்தை மைக்குரோசெக்கனாக மாற்றுமாறு வகுப்பிற் கேட்டிருந்தேன். அவன் 60 ஐப் பத்து இலட்சத்தால் வகுத்து, 0.00006 மைக்குரோசெக்கன் எனத் தெளிந்த கையெழுத்தில் எழுதித் தந்தான். "ஏன் வகுத்தாய்?" என வினவினேன். "மைக்குரோ என்பது மிகச் சிறியதுதானே, சேர். அப்போது விடையும் சிறிதாகத்தானே வரவேண்டும்" என்றான். சரியான விடை 60,000,000 மைக்குரோசெக்கன். அவன் விடைக்கும் சரியான விடைக்கும் இடையே உள்ள வேறுபாடு ஒன்றிரண்டு மடங்கன்று. இலட்சங் கோடி மடங்கு.

அவன் கூறிய காரணத்தைப் பின்னர் எண்ணிப் பார்த்தேன். அதில் இரு பிழைகள் அடங்கியிருந்தன. அலகு சிறிதாயின் அவ்வலகால் அளந்து பெறும் எண்ணும் சிறிதாகும் என்பது ஒன்று. சிறியதைப் பற்றிப் பெரிதும் கவலை கொள்ள வேண்டுவதில்லை என்பது மற்றொன்று. முதலாவது மாணவர்க்குரிய பிழை. இரண்டாவதோ கற்றறிந்தோரையும் வீழ்த்தியுள்ளது. இவ்விரண்டையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அலகும் எண்ணுதலும்

காலத்தை அளத்தல் என்பது, ஒரே வகையாக மீண்டும் மீண்டும் நிகழும் நிகழ்ச்சியொன்றைத் தேர்ந்து, அஃது எத்தனை முறை நிகழ்ந்தது என எண்ணுதலேயாம். எழுத்துக்களின் ஒலியளவைக் கூறப் புகுந்த தொல்காப்பியர் கண்ணிமைத்தலையும் கைந்நொடித்தலையும் மாத்திரைக்கு அளவாகக் கொண்டார். குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்யெழுத்திற்கு அரை, மகரக்குறுக்கத்திற்குக் கால் என வகுத்த நம் இலக்கணம், கண்ணிமைப்பொழுதையும் கூறுபடுத்தி நோக்கியமை சிந்திக்கத்தக்கது.

நாளினை அறுபது நாழிகையாகவும், நாழிகையை அறுபது விநாழிகையாகவும் சோதிட நூலார் பகுத்தனர். நாழிகை வட்டிலில் நீர் ஒழுகும் அளவே அங்கு எண்ணப்பட்ட நிகழ்ச்சி. மேனாட்டு வழக்கோ நாளினை 24 மணித்தியாலமாகவும், மணித்தியாலத்தை 60 நிமிடமாகவும், நிமிடத்தை 60 செக்கனாகவும் பகுத்தது. பகுத்த முறை வேறாயினும் பகுக்கப்பட்ட நாள் ஒன்றே. ஆதலின் நாழிகை ஒன்று 24 நிமிடமாகும்; விநாழிகை ஒன்று 24 செக்கனாகும்; மணித்தியாலம் ஒன்று இரண்டரை நாழிகையாகும். பஞ்சாங்கம் பார்க்கும் இல்லங்களில் இம்மாற்றத்தை மனக்கணக்காகவே செய்யும் முதியோர் பலர்.

நெடுங்காலம் செக்கன் என்பது சராசரிச் சூரிய நாளின் 86,400 இல் ஒரு பங்காகக் கொள்ளப்பட்டது. ஆனால் நம் புவி நல்ல மணிக்கூடு அன்று. கடலின் வற்றுப்பெருக்கு அதன் சுழற்சியை மெல்ல மெல்லத் தளர்த்துகின்றது. வேறு காரணங்களாலும் அச்சுழற்சி சிறிது விரைந்தும் சிறிது தாழ்ந்தும் செல்கின்றது. இதனால் 1967 இற் கூடிய நிறைகள் அளவைகள் பற்றிய சர்வதேசப் பொது மாநாடு, செக்கனுக்குப் புதிய வரைவிலக்கணம் வகுத்தது. சீசியம் 133 அணு தன் தாழ்நிலையிலுள்ள இரு நுண்மட்டங்களுக்கிடையே மாறும்போது வெளியிடும் கதிர்வீசலின் 9,192,631,770 அலைவுகளுக்குச் செல்லும் நேரமே ஒரு செக்கன். கண்ணிமையின் இடத்தையும் நீரொழுக்கின் இடத்தையும் அணுவின் அலைவு பெற்றது. எண்ணுதல் என்னும் செயல் மட்டும் மாறவில்லை.

மாற்றும் முறை

ஒரு ரூபாவைச் சதமாக மாற்றினால் நூறு சதம் கிடைக்கும். சதம் ரூபாவினுஞ் சிறியது. ஆதலினாலேயே எண்ணிக்கை பெருகிற்று. காலமும் அத்தகையதே. சிறிய அலகிற்கு மாற்றும்போது பெருக்குக. பெரிய அலகிற்கு மாற்றும்போது வகுக்க. என் மாணவன் முன்னரே இதனை ரூபாவிலும் சதத்திலும் அறிந்திருந்தான். மைக்குரோ என்னும் புதுப்பெயரைக் கண்டவுடன் அறிந்ததை மறந்துவிட்டான்.

பௌதிகவியலில் வழங்கும் சிறிய அலகுகள் செக்கனிலிருந்து ஆயிரம் ஆயிரமாக இறங்குவன. ஒரு செக்கனில் அவை எத்தனை உள எனக் கீழே காண்க.

1 செக்கன் = 10³ மில்லிசெக்கன்
1 செக்கன் = 10⁶ மைக்குரோசெக்கன்
1 செக்கன் = 10⁹ நனோசெக்கன்
1 செக்கன் = 10¹² பிக்கோசெக்கன்
1 செக்கன் = 10¹⁵ பெம்ரோசெக்கன்
1 செக்கன் = 10¹⁸ அற்றோசெக்கன்
1 செக்கன் = 10²¹ செப்ரோசெக்கன்
1 செக்கன் = 10²⁴ யொக்ரோசெக்கன்

மில்லி என்பது இலத்தீனில் ஆயிரத்தைக் குறிக்கும் சொல்லின் வழிவந்தது. மைக்குரோ என்பதற்குக் கிரேக்க மொழியிற் சிறியது என்றும், நனோ என்பதற்குக் குறளன் என்றும் பொருள். பெம்ரோ, அற்றோ என்பன டென்மார்க்கு மொழியிற் பதினைந்தையும் பதினெட்டையும் குறிக்கும் சொற்களிலிருந்து ஆக்கப்பட்டன. இவ்விரண்டும் 1964 இலும், செப்ரோ, யொக்ரோ என்பன 1991 இலும் சேர்க்கப்பட்டன. 2022 இல் இவற்றினுஞ் சிறிய இரு முன்னடைகள் சேர்க்கப்பட்டுள்ளன. இயற்கையை நுணுகி நோக்குந்தோறும் பெயர்கள் போதாமற் போயின என்பதற்கு இவ்வாண்டுகளே சான்று.

மணித்தியாலம், நிமிடம், நாழிகை ஆகிய எதனை மாற்றுவதாயினும் அதனை முதலிற் செக்கனாக்குதல் வேண்டும். செக்கன் பல தெருக்கள் கூடும் சந்தி போன்றது. அங்கு வந்து சேர்ந்த பின் பத்தின் அடுக்கால் வேண்டிய திசையிற் செல்லலாம். நம் பாடவேளை ஒன்று 40 நிமிடம். 40 × 60 = 2,400 செக்கன். இதனை 10⁹ ஆற் பெருக்க 2.4 × 10¹² நனோசெக்கன் ஆகும். அஃதாவது இரண்டு இலட்சத்து நாற்பதினாயிரங் கோடி. இவ்வாறே நாழிகை ஒன்று 1,440 செக்கன், ஆதலின் 1.44 × 10¹² நனோசெக்கன். மணித்தியாலம் ஒன்று 3,600 செக்கன், ஆதலின் 3.6 × 10¹² நனோசெக்கன். தொடக்கத்திற் கேட்ட வினாவிற்குரிய விடை இதுவே.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள் கூறுதல் தகும். முதலாவது, பூச்சியங்கள் பெருகுவதால் அறிவு பெருகாது. பாடவேளையின் தொடக்கத்தையும் முடிவையும் அறிவிப்பது மணியடிப்பவரின் கை. அது சில செக்கன் முந்தும். சில செக்கன் பிந்தும். ஆகவே 2,400,000,000,000 நனோசெக்கன் என எழுதிவிட்டு, இறுதிப் பூச்சியம்வரை அளந்துவிட்டோம் எனக் கருதுதல் தவறாகும். அலகை மாற்றுதல் அளவையின் திருத்தத்தைக் கூட்டுவதில்லை.

இரண்டாவது, அன்றாட அலகுகள் எல்லாம் நிலையான அளவின அல்ல. மாதம் என்பது 28 நாளாகவும் இருக்கலாம். 31 நாளாகவும் இருக்கலாம். 365 நாள் கொண்ட ஆண்டில் 31,536,000 செக்கன் உள. 365¼ நாள் கொண்ட ஆண்டில் 31,557,600 செக்கன் உள. வேறுபாடு ஆறு மணித்தியாலம். நிமிடமுங்கூட எப்போதும் 60 செக்கன் என்பதற்கில்லை. அணு மணிக்கூட்டையும் புவியின் சுழற்சியையும் இணங்க வைக்கும் பொருட்டு 1972 முதல் 2016 வரை 27 முறை ஒரு செக்கன் மிகையாகச் சேர்க்கப்பட்டது. அந்நாள்களின் இறுதி நிமிடம் 61 செக்கன் கொண்டதாயிற்று. இம்முறையை 2035 ஆம் ஆண்டிற்குள் மாற்றுவதென 2022 இல் தீர்மானிக்கப்பட்டது. எவ்வகை ஆண்டு, எவ்வகை நாள் எனக் கூறாது மாற்றஞ் செய்வோன் அடித்தளமின்றி மாடி கட்டுவோனை ஒப்பான்.

ஒளி என்னும் அளவுகோல்

பத்தின் அடுக்குகள் தாளில் அமைதியாக இருப்பன. மனக்கண்ணுக்கு எளிதிற் புலனாவன அல்ல. அவற்றைக் காணும் வழி ஒன்று உளது. வெற்றிடத்தில் ஒளி செக்கனுக்கு 299,792,458 மீற்றர் செல்கின்றது. இவ்வெண் திருத்தமானது, ஏனெனில் 1983 முதல் மீற்றரே இதனைக் கொண்டு வரையறுக்கப்படுகின்றது. ஆகவே ஒவ்வொரு கால அலகையும் அந்நேரத்தில் ஒளி செல்லும் தூரமாகக் கற்பனை செய்துகொள்ளலாம்.

ஒரு மில்லிசெக்கனில் ஒளி ஏறத்தாழ 300 கிலோமீற்றர் செல்லும். யாழ்ப்பாணத்திற்கும் கொழும்பிற்கும் இடையே நேர்கோட்டுத் தூரம் ஏறத்தாழ அவ்வளவே. ஒரு மைக்குரோசெக்கனில் 300 மீற்றர். ஒரு நனோசெக்கனில் 30 சதமமீற்றர். மாணவர் கையிலுள்ள அடிமட்டத்தின் நீளம். ஒரு பிக்கோசெக்கனில் ஒரு மில்லிமீற்றரின் பத்தில் மூன்று பங்கு. பெம்ரோசெக்கனிலோ பற்றீரியா ஒன்றின் நீளத்தைக்கூட ஒளி கடப்பதில்லை. அற்றோசெக்கனில் அது செல்லும் தூரம் ஒரு சில அணுக்களை வரிசையாக அடுக்கிய அளவினதே.

கணனித்துறை முன்னோடிகளுள் ஒருவரான கிறேஸ் ஹொப்பர் என்னும் அமெரிக்கக் கடற்படை அதிகாரி, ஓரடிக்குச் சற்றுக் குறைந்த கம்பித்துண்டுகளை வெட்டித் தம் உரையைக் கேட்போர்க்கு வழங்குவது வழக்கம். "இதுவே ஒரு நனோசெக்கன்" எனக் காட்டுவதே அதன் நோக்கம். அடிமட்டத்தை உயர்த்திப் பிடித்து அதனையே நம் வகுப்புக்களிலுஞ் செய்யலாம்.

செய்மதி கொண்டு இடமறியும் கருவிகள் இவ்வுறவை நம்பியே இயங்குகின்றன. செய்மதியிலிருந்து சைகை வந்து சேர எடுக்கும் நேரத்தை அளந்தே அவை தூரத்தைக் கணிக்கின்றன. மணிக்கூடு ஒரு நனோசெக்கன் பிழைத்தால் தூரம் 30 சதமமீற்றர் பிழைக்கும். ஒரு மைக்குரோசெக்கன் பிழைத்தால் 300 மீற்றர் பிழைக்கும். பக்கத்துத் தெருவைத் தன் தெருவெனக் காட்ட இது போதும்.

அறுபது நனோசெக்கன்

2011 ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில் உலகெங்குமுள்ள பௌதிகவியலாளரை ஒரு செய்தி திகைக்கச் செய்தது. சுவிற்சர்லாந்து எல்லையிலுள்ள சேர்ன் ஆய்வுகூடத்திலிருந்து நியூத்திரீனோ என்னும் நுண்துணிக்கைகள், புவியினூடாக ஏறத்தாழ 730 கிலோமீற்றர் கடந்து, இத்தாலியின் கிரான் சாசோ மலையடி ஆய்வுகூடத்தை அடைந்தன. இத்தூரத்தைக் கடக்க ஒளிக்கு வேண்டிய நேரம் ஏறத்தாழ 2.4 மில்லிசெக்கன். நியூத்திரீனோக்களோ அதனினும் ஏறத்தாழ 60 நனோசெக்கன் முந்தி வந்தன என ஒப்பெரா என்னும் ஆய்வுக் குழுவினர் அறிவித்தனர். ஒளியை எதுவும் முந்தாது என்பது ஐன்ஸ்ரைனின் சார்புக் கொள்கையின் முடிபு. அம்முடிபு பிழையோ என்னும் ஐயம் எழுந்தது.

இங்கு அலகை மாற்றிப் பார்த்தல் வேண்டும். 2.4 மில்லிசெக்கன் என்பது 2,400,000 நனோசெக்கன். அதில் 60 என்பது நாற்பதினாயிரத்தில் ஒரு பங்கு. தூரமாகக் கூறின் 18 மீற்றர். 730 கிலோமீற்றர்ப் பயணத்தில் 18 மீற்றர் அற்பமெனத் தோன்றலாம். ஆனால் ஒரு நூற்றாண்டாக நிலைத்து நின்ற கொள்கையொன்று அந்த 18 மீற்றரிலேயே தங்கியிருந்தது.

அக்குழுவினர் தம் முடிபை மறைக்கவுமில்லை. அதனை வெற்றியெனப் பறைசாற்றவுமில்லை. பிழை எங்கேனும் உளதோ எனத் தேடினர்; பிறரையுந் தேடுமாறு வேண்டினர். 2012 இன் தொடக்கத்திற் காரணம் வெளிப்பட்டது. நேரச் சைகையைக் கொண்டுவரும் ஒளியிழை வடமொன்று தன் இணைப்பிற் சரிவரத் திருகி இறுக்கப்படாதிருந்தது. அதனால் அச்சைகை தாமதித்து வர, துணிக்கைகளின் பயண நேரம் குறைந்ததுபோலத் தோன்றிற்று. மணிக்கூட்டின் அலையத்தில் எதிர்த்திசையிலான சிறு பிழையொன்றும் இருந்தது. இரண்டையும் திருத்திய பின், நியூத்திரீனோக்கள் ஒளியை முந்தவில்லை என்பது உறுதியாயிற்று. ஒரு திருகாணியின் தளர்வு அண்டத்தின் விதியையே ஐயுற வைத்தது எனின், நனோசெக்கனை அற்பமெனல் யாங்ஙனம்?

ஷேக் என்னும் அலகு

சர்வதேச முறையைச் சாராத சிறிய அலகொன்றும் உளது. அதன் பெயர் ஷேக். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவில் அணுகுண்டு ஆக்க முனைந்த அறிஞரிடையே அது வழக்கிற்கு வந்தது. மிக விரைவாக ஒன்று நிகழ்ந்ததைக் கூற, ஆட்டுக்குட்டி இருமுறை வாலை ஆட்டும் நேரத்தில் நிகழ்ந்தது என்பது ஆங்கில வழக்கு. கண்ணிமைப்பதற்குள் என நாம் கூறுவதை ஒத்தது அது. வாலின் அவ்வாட்டமே இவ்வலகிற்குப் பெயர் தந்தது. நம் மாத்திரை கண்ணிமையிற் பிறந்தவாறே ஷேக்கும் நாட்டார் பேச்சிற் பிறந்தது. ஆயின் அஃது அளந்த பொருள் வேறு.

ஒரு ஷேக் என்பது 10 நனோசெக்கன். அஃதாவது 10⁻⁸ செக்கன். ஒரு செக்கனில் 10⁸ ஷேக் உள. ஒரு நிமிடத்தில் 6 × 10⁹. ஒரு மணித்தியாலத்தில் 3.6 × 10¹¹. ஒரு நாளில் 8.64 × 10¹². இவ்வளவே மாற்றம். பத்து நனோசெக்கனுக்குத் தனிப்பெயர் ஏன் வேண்டப்பட்டது என்பதே நாம் கேட்கவேண்டிய வினா.

யுரேனியம் 235 இன் கரு ஒன்று நியூத்திரனால் தாக்கப்பட்டுப் பிளவுறும்போது இரண்டு மூன்று புதிய நியூத்திரன்கள் வெளிப்படும். அவை அடுத்த கருக்களைப் பிளக்கும். ஒரு தலைமுறைப் பிளவிற்கும் அடுத்த தலைமுறைப் பிளவிற்கும் இடையே செல்லும் நேரம் ஏறத்தாழ ஒரு ஷேக். ஒவ்வொரு தலைமுறையிலும் பிளவுகள் இரட்டிக்கின்றன எனக் கொள்வாம். பத்துத் தலைமுறையில் அவை 1,024 மடங்கு, ஏறத்தாழ 10³ மடங்காகும். ஆகவே 80 தலைமுறையில் ஏறத்தாழ 10²⁴ மடங்காகும். ஒரு கிலோகிராம் யுரேனியத்தில் உள்ள அணுக்கள் ஏறத்தாழ 2.6 × 10²⁴. எனவே ஏறக்குறைய 80 தலைமுறையில் அம்முழு நிறையும் பிளந்து முடியும். 80 ஷேக் என்பது 800 நனோசெக்கன். ஒரு மைக்குரோசெக்கனிலுங் குறைவு. 1943 இல் லொஸ் அலமோஸ் ஆய்வுகூடத்திற் புதிதாக வந்து சேர்ந்த அறிஞர்க்கு றொபேட் சேர்பர் ஆற்றிய விரிவுரைகளிலும் இத்தகைய கணக்கே இடம்பெற்றது.

இரட்டிக்கும் தொடரொன்றில் இறுதி உறுப்பு, அதற்கு முந்திய உறுப்புக்கள் அனைத்தின் கூட்டுத்தொகைக்கு ஏறத்தாழச் சமம் என்பதை மாணவர் அறிவர். அதன்படி நோக்கின், வெளிப்படும் சக்தியில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு இறுதி ஏழு தலைமுறைகளிலேயே வெளிப்படும். ஏழு ஷேக் என்பது 70 நனோசெக்கன்.

1945 ஆகஸ்ட் 6 ஆம் நாள் காலை 8.15 மணிக்கு ஹிரோஷிமா நகரின் மேல் நிகழ்ந்தது இதுவே. அக்குண்டில் ஏறத்தாழ 64 கிலோகிராம் யுரேனியம் இருந்தது. அதிற் பிளவுற்றது ஒரு கிலோகிராமிலுங் குறைவு. எஞ்சியது பிளவுறுமுன்னரே சிதறிப்போயிற்று. அவ்வாண்டு முடிவதற்குள் ஏறத்தாழ 140,000 மக்கள் மாண்டனர் என அந்நகர் மதிப்பிட்டுள்ளது. கண்ணிமைத்தலுக்குச் செக்கனின் பத்தில் மூன்று பங்கு செல்லும் எனக் கொண்டால், அது மூன்று கோடி ஷேக் ஆகும். ஒரு நகரின் விதி முடிந்தது 80 ஷேக்கில். ஷேக் என்னும் பெயரை வேடிக்கையாக மட்டும் மாணவர்க்குக் கூறி நகர என் மனம் இடந்தருவதில்லை.

அணுவினுள்ளே

ஷேக்கினுங் கீழே இறங்கினால் ஆக்கத்திற்குரிய அறிவு காத்திருக்கின்றது. மூலக்கூறுகளில் அணுக்கள் அதிரும் கால அளவு பெம்ரோசெக்கனுக்குரியது; ஐதரசன் மூலக்கூறு ஒருமுறை அதிர ஏறத்தாழ 8 பெம்ரோசெக்கன் செல்லும். ஆகவே இரசாயன மாற்றமொன்றில் அணுக்கள் பிரிவதையும் சேர்வதையும் காணவேண்டின், பெம்ரோசெக்கன் ஒளித்துடிப்புக்களைக் கொண்டே படம்பிடித்தல் வேண்டும். அதனைச் செய்து காட்டிய எகிப்திய அறிஞர் அஹமத் செவைல் 1999 இல் இரசாயனவியலுக்கான நோபெல் பரிசு பெற்றார்.

இலத்திரனோ அணுவினும் விரைந்தது. போரின் அணு மாதிரியில், ஐதரசனின் இலத்திரன் கருவை ஒருமுறை சுற்றிவர ஏறத்தாழ 152 அற்றோசெக்கன் செல்லும். அற்றோசெக்கன் ஒளித்துடிப்புக்களை ஆக்கும் முறைகளுக்காகப் பியர் அகொஸ்தினி, பெரென்க் கிரவுஸ், ஆன் லூலியே ஆகிய மூவரும் 2023 இல் பௌதிகவியலுக்கான நோபெல் பரிசைப் பெற்றனர். ஐதரசன் மூலக்கூறொன்றின் ஓரணுவிலிருந்து மற்றையதற்கு ஒளி செல்லும் நேரம் 247 செப்ரோசெக்கன் என 2020 இல் ஜேர்மனிய அறிஞர் அளந்து கூறினர்.

அற்றோசெக்கனின் சிறுமையை ஓர் ஒப்புமையால் உணரலாம். அண்டத்தின் வயது ஏறத்தாழ 13.8 பில்லியன் ஆண்டு. செக்கனாக மாற்றினால் அஃது ஏறத்தாழ 4.4 × 10¹⁷. ஒரு செக்கனில் உள்ள அற்றோசெக்கன்களோ 10¹⁸. அண்டம் தோன்றிய நாள்தொட்டு இன்றுவரை கழிந்த செக்கன்களினும், நாம் ஒரு சொல்லை உச்சரிக்கும் நேரத்திற் கழியும் அற்றோசெக்கன்கள் மிகப் பல.

இவ்வேணியின் அடியில் இருப்பது பிளாங்கின் நேரம். ஒளியின் வேகம், ஈர்ப்பு மாறிலி, தம் பெயரால் வழங்கும் மாறிலி ஆகியவற்றை இணைத்து, மனிதன் வகுக்காத இயற்கை அலகுகளை மாக்ஸ் பிளாங் 1899 இல் முன்மொழிந்தார். அதன் இக்கால மதிப்பு ஏறத்தாழ 5.39 × 10⁻⁴⁴ செக்கன். எந்த மணிக்கூடும் அதனை அணுகியதில்லை. நாம் அறிந்த பௌதிக விதிகள் எங்கே போதாமற் போகும் எனக் காட்டும் எல்லைக்கல்லாகவே அதனைக் கொள்ளல் தகும்.

பத்திலொன்றின் பிழை

இதுவரை பெரிய அலகிலிருந்து சிறியதற்கு இறங்கினோம். சிறியதிலிருந்து பெரியதற்கு ஏறும்போது நேர்ந்த தவறொன்றைக் கூறி முடிக்க விரும்புகின்றேன்.

1991 ஆம் ஆண்டு வளைகுடாப் போரின்போது, சவூதி அரேபியாவின் தஹ்ரானில், வரும் ஏவுகணைகளைத் தடுக்கும் பற்றியட் என்னும் அமெரிக்கக் கருவித்தொகுதி நிறுவப்பட்டிருந்தது. அதன் கணனி நேரத்தைச் செக்கனின் பத்திலொரு பங்காக எண்ணிற்று. அவ்வெண்ணைச் செக்கனாக மாற்ற அதனைப் பத்திலொன்றாற் பெருக்கிற்று. மாணவர் எவரும் செய்யத்தக்க மாற்றம் இது. ஆயினும் கணனி எண்களை இரண்டின் அடியிலேயே எழுதுகின்றது. மூன்றிலொன்றை நாம் தசமத்தில் 0.333 என முடிவின்றி எழுத வேண்டியிருத்தல்போல, பத்திலொன்றை இரண்டின் அடியில் முடிவின்றி எழுதவேண்டும். அக்கணனியோ 24 இடங்களுடன் நிறுத்திற்று. எஞ்சியது வெட்டுண்டது. அதனால் ஒவ்வோர் எண்ணிக்கைக்கும் நேர்ந்த பிழை ஏறத்தாழ 0.000000095 செக்கன், அஃதாவது 95 நனோசெக்கன்.

பெப்ரவரி 25 ஆம் நாள் அக்கருவி ஏறத்தாழ 100 மணித்தியாலம் இடையறாது இயங்கியிருந்தது. 100 மணித்தியாலம் 360,000 செக்கன். பத்திலொரு பங்காக எண்ணின் 3,600,000. இதனை 95 நனோசெக்கனாற் பெருக்கினால் 342,000,000 நனோசெக்கன், அஃதாவது ஏறத்தாழ 0.34 செக்கன் ஆகும். அந்நேரத்தில் ஸ்கட் ஏவுகணை அரைக் கிலோமீற்றருக்கு மேற் சென்றுவிடும். கருவி வானத்தின் தவறான பகுதியை நோக்கிற்று. அங்கு ஒன்றையுங் காணவில்லை. ஏவுகணை படையினர் தங்கியிருந்த கட்டடத்தில் வீழ்ந்தது. 28 அமெரிக்கப் படையினர் மாண்டனர். திருத்தப்பட்ட கட்டளைத்தொகுதி தஹ்ரானை வந்தடைந்தது மறுநாளே.

95 நனோசெக்கன் ஒளிக்கு 28 மீற்றர்த் தூரம், மனிதனுக்கோ ஒன்றுமேயன்று. அதனைப் புறக்கணித்தவர் அது சிறிதென்று மட்டுங் கண்டனர். எத்தனை முறை நிகழும் என எண்ணவில்லை. நியூத்திரீனோ ஆய்வாளரோ 60 நனோசெக்கனையும் புறக்கணியாது, அதன் காரணத்தைக் காணும்வரை அமையவில்லை. சிறுமை என்பது அலகில் மட்டும் உள்ளதன்று. அவ்வலகினுள் யாது நிகழ்கின்றது, அஃது எத்தனை முறை நிகழ்கின்றது என்னும் இரண்டையும் பொறுத்தே ஒன்று சிறிதோ பெரிதோ ஆகும்.

ஆகவே அலகு மாற்றக் கணக்கைச் செய்யும் மாணவர் விடையின் கீழ்க் கோடிடுமுன் மூன்று வினாக்களைத் தம்மிடம் கேட்பாராக. அலகு சிறுக எண் பெருகிற்றா? நான் எழுதிய இலக்கங்களுள் எத்தனை உண்மையில் அளந்தறிந்தவை? நான் விட்ட சிறுபிழை எத்தனை முறை பெருக்கப்படும்? முதல் வினா பரீட்சைக்கு உதவும். ஏனைய இரண்டும் பரீட்சைக்கு அப்பாலும் உதவும்.

அம்மாணவன் தன் கணக்கைப் பின்னர்த் திருத்தினான். 60,000,000 என எழுதியதோடு நில்லாது, பக்கத்தில் "மணியடிக்கிறவர் பிந்தினால் மாறும்" எனவும் குறித்திருந்தான். அவ்வரியைச் சிவப்பு மையால் வெட்ட எனக்கு மனம் வரவில்லை.